பார்க் சாச்சியின் வெள்ளிக்கிழமை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதினேன். நல்ல எண்ணத்தோடு, பிழையில்லாத தமிழில், மூன்று பிரதிகள் எடுத்து எழுதினேன். அதன் பலனை நான் அனுபவிக்கவில்லை. அவர்தான் அனுபவித்தார். ஊரில் எல்லோரும் அவரைப் பார்க் சாச்சி என்றார்கள். உம்மாவின் தங்கையைத்தான் நாங்கள் சாச்சி என்போம். அவர் எங்கள் ஊரில் யாருடைய உம்மாவுக்கும் தங்கை இல்லை, பாலமுனையிலிருந்து வேலைக்கு வந்த மனுசி. ஆனாலும் அந்தக் கடற்கரைப் பார்க்கில் ஊஞ்சலாடிய எந்தப் பிள்ளையும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது எங்கள் ஊர். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டில் மணக்கும். அங்கே பிரதேச சபையில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். பூங்காக்கள், மைதானங்கள் சம்பந்தமான கோப்புகளெல்லாம் என் மேசையில். கோப்பின்படி எங்கள் சபைக்கு நான்கு பொழுதுபோக்கு இடங்கள் இருந்தன. நேரில் போய்ப் பார்த்தால், ஒன்றில் ஓட்டோக்கள் நின்றன. ஒன்றில் மாடுகள் படுத்திருந்தன. மூன்றாவது, ஆற்றங்கரையில் இரண்டு சீமெந்து வாங்கு மட்டும், அதிலும் ஒன்றுக்குக் கால் இல்லை. நான்காவதுதான் கடற்கரைப் பார்க். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, இனி வீடு கட்டக்கூடாது என்று ஒதுக்கிய கரையில் வெளிநாட்டுக்காரர்கள் கட்டித் தந்தது. ஆறு ஊஞ்சல், இரண்டு சறுக்கல், ஆளுயர மதில், தகரம் அடித்த ஒரு கேற். யார் யார் திறந்து வைத்தார்கள் என்று சொல்ல இரண்டு கல்வெட்டு. யார் பராமரிப்பார்கள் என்பதை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. அதற்குத்தான் அவர் இருந்தார்.

சபையிடம் புல்வெட்டும் மெஷின் ஒன்றே ஒன்றுதான். அது முதலில் ஊரின் இடுகாடான மையவாடிக்குப் போகும், அங்கே கப்றுகளுக்கிடையில் வெட்டி முடித்த பிறகுதான் பார்க்குக்கு வரும். சில மாதம் வராமலே பழுதாகிவிடும். நான் புதிதாக வேலைக்கு வந்த சூட்டில், "உயிரோட இருக்கிற புள்ளைகள் பாம்புக்குப் பயந்துகொண்டு விளையாடுது, மையவாடிக்கு என்ன அவசரம்?" என்று அவர் முன்னால் பொரிந்து தள்ளினேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க மிஸ். அவங்கதானே முன்னுக்குப் போனவங்க. அவங்கட முறதான் முந்தி," என்றார். சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்து தானே புல்லை வெட்டத் தொடங்கினார்.

முறை. அந்த ஒரு சொல்லில் அவரை முழுவதும் சொல்லிவிடலாம். முறை என்று வந்துவிட்டால் அவருக்கு ஆள் தெரியாது. ஆறு ஊஞ்சலுக்கு ஒரு மாலையில் அறுபது எழுபது பிள்ளைகள் வரும். கேற்றுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, ஓதுவதை எண்ண விரலில் மாட்டும் தஸ்பீஹ் மெஷினோடு உட்கார்ந்துவிடுவார். நபிமேல் சொல்லும் ஸலவாத்தை நூறு தரம் ஓதுகிற நேரம்தான் ஒரு பிள்ளைக்கு. உதடு அசைந்துகொண்டே இருக்கும், பெருவிரல் அமுக்கிக்கொண்டே இருக்கும். நூறு வந்ததும், "முடிஞ்சி, இறங்குகா," என்பார். அழுதாலும் இறக்கிவிடுவார். கால் ஊனமான ஒரு சின்னப் பிள்ளை வரும். அது ஏறி உட்காரவே நேரம் எடுக்கும். அந்தப் பிள்ளையின் முறை வரும்போது மட்டும் சாச்சியின் ஸலவாத்து நிறுத்தி நிதானமாகப் போகும். எண்ணிக்கை நூறுதான், அதில் மோசடி இல்லை.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சபைத் தலைவரான எங்கள் தவிசாளர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நூறு முடிந்தது. பிள்ளை இறங்கவில்லை. பின்னால் மீன்காரர் ஒருவரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். தவிசாளரின் சாரதிக்குத்தான் கோபம் வந்தது.

"அது ஆர்ர புள்ள எண்டு தெரியுமா ஒங்களுக்கு?"

"எனக்குத் தெரியும் தம்பி. ஊஞ்சலுக்குத் தெரியா," என்றார் சாச்சி.

தவிசாளர் சிரித்துவிட்டார். மறுநாள் சபைக் கந்தோரில் தானே அதை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போய்விட்டது.

பிடிக்காமல் போன நாளும் உண்டு. பொத்துவிலிலிருந்து ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் பார்க்குக்கு வந்தது. அவர்களுக்கு பஸ் நேரம். தங்கள் பிள்ளையை ஒரேயொரு தரம் முன்னுக்கு விடச் சொல்லிக் கெஞ்சினார்கள். கையில் ஊசி போட்ட பஞ்சு ஒட்டியிருந்த பிள்ளை. "முன்னுக்கு ஏழு பேர் இரிக்கி," என்றார் சாச்சி. அவ்வளவுதான். அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை கேற்றைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன்.

"நான் விட்டா, நிக்கிற ஏழு புள்ளைக்கும் என்ன சொல்ற மிஸ்? அவங்களுக்கும் கண் இரிக்கிதானே."

பதில் சரிதான். ஆனால் பின்னேரம் நான் வாங்கிக்கொண்டு போன ரொட்டியை அவர் தொடவில்லை. பேத்திக்குக் கொண்டுபோகிறேன் என்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையின் நினைவுதான் என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை.

கடல் காற்றுக்கு ஊஞ்சல் சங்கிலி எத்தனை நாள் தாங்கும்? நான் வேலைக்கு வந்தபோது மூன்று ஊஞ்சல் அறுந்து தொங்கின. நான் மதிப்பீடு எடுத்து, அனுமதி கேட்டு, திருப்பி அனுப்பியதைத் திருத்தி, மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன், ஆறும் ஆடுகின்றன. ஒலுவில் துறைமுகத்தில் போட்காரர்களிடம் கேட்டுப் பழைய நைலோன் கயிறு கொண்டுவந்து கட்டியிருந்தார். "இரும்பத்தான் கடல் காத்துத் திண்ணும் மிஸ், கயித்தத் திண்ணாது," என்றார். இதைக் கோப்பில் எப்படிக் காட்டுவது என்று நான் தலையைச் சொறிந்தேன். "காட்டாம உடுங்க. ஆடுதுதானே," என்றார்.

அந்தப் பேச்சிலேயே எனக்குப் பாடம் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அவருடைய சொந்தக் கதையை அவர் வாயால் கேட்டது குறைவு. எங்கள் பக்கத்து வழக்கம்தான், மகளுக்குக் கல்யாணம் பேசியபோது இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு குசினிக்குப் பின்னால் இறக்கிய பத்தியில் இவருக்கு ஒரு பாய். புருசன் பொத்துவில் பக்கம் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். "அவருக்கு அங்கதான் சரி," என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். சபையில் ஒன்பது வருடமாக அமைய ஊழியர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடித்துக்கொண்டே வந்தார்கள். நிரந்தர நியமனப் பட்டியலில் பெயர் மேலே வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு விசயத்தைத்தான் அவர் ஆசையோடு கேட்பார். "என்ட முற எப்ப வரும் மிஸ்?" என்பார். "கிட்டத்தான் சாச்சி," என்பேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை ஜும்ஆத் தொழுகைக்காகப் பார்க்கை மூட வேண்டும் என்பது சபையின் விதி. கேற்றில் எழுதியே இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் கரையில் தோணியும் இறங்காது. ஜும்ஆ நேரம் ஊரில் ஆம்பிளை என்று ஒரு குஞ்சு குருமானும் தெருவில் இருக்காது. கடைகள் பூட்டி, தெருக்கள் வெறிச்சோடி, பள்ளிவாசல்களிலிருந்து குத்பாப் பிரசங்கம் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கும். ஆளில்லாத நேரமாய்ப் போனால் பார்க்கிலுள்ள பொருட்களைக் கணக்கெடுத்துப் படம் பிடிக்கலாம் என்று நினைத்து ஒரு வெள்ளி பன்னிரண்டரைக்கு நான் போனேன்.

பூட்டு வெளியில் இல்லை. உள்ளுக்குத் தொங்கியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிள்ளைகளின் சிரிப்பில்லை அது. தட்டினேன். உடனே எல்லாம் அடங்கிவிட்டது. தகரத்தின் ஓட்டையில் சாச்சியின் கண் தெரிந்தது.

"ஒபிஸ் ஆளா வந்தீங்களா, பொம்புளயா வந்தீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பொம்புளயாத்தான் சாச்சி," என்றேன். பூட்டு திறந்தது.

இருபது இருபத்தைந்து பெண்கள். மதிலோரம் செருப்புகள் வரிசையாக இருந்தன. உடுப்புக்கு மேலே போடும் கறுப்பு ஹபாயாக்கள் சறுக்கலின் கைப்பிடியில் கிடந்தன. ஆறு ஊஞ்சலிலும் ஆறு பெண்கள். நாலு பிள்ளை பெற்றவள், புதுப் பெண், மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பவள். எல்லோரையும் எனக்குத் தெரியும், அப்படிச் சிரிக்கிற அவர்களை மட்டும் தெரியாது. எங்கள் தெரு மூலையில் தையல் தைக்கிற ராத்தா ஊஞ்சல் பலகையில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மதிலுக்கு மேலால் கடல் தெரியும் உயரத்துக்கு உன்னி உன்னி ஆடினாள். படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கு இராப்பகலாய் எல்லாம் செய்கிறவள் அவள். வீட்டுக்கு வெளியே அவளுக்கு இருந்தது அந்த ஒரு மணித்தியாலம்தான். சாச்சி கதிரையில் இருந்து பெருவிரலை அமுக்கிக்கொண்டிருந்தார். நூறு வந்ததும், "போதும் மகள், எறங்கு. அடுத்த ஆள்," என்றார். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் இறங்கினாள்.

எனக்கும் முறை வந்தது. முப்பத்திரண்டு வயதில் ஊஞ்சலில் ஏறினேன். முதல் உந்தலில் வயிறு கூசியது, பிறகு சத்தம் போட்டுச் சிரித்தேன், நூறாவது ஸலவாத்தில் இறங்கும்போது அழுகை வந்தது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவ்வளவு சந்தோசம், அவ்வளவுதான்.

"ஆம்புளைகளுக்கு ரோட்டு இரிக்கி, கரை இரிக்கி, கிளப்பு இரிக்கி. புள்ளைகளுக்குப் பின்னேரம் இரிக்கி. பொம்புளைகளுக்கு எப்ப முற? நானும் தேடிப் பாத்தன். வாரத்தில இந்த ஒரு ஓட்டைதான் கெடச்சிச்சி," என்றார் சாச்சி. மூன்று வருடமாக இது நடந்துகொண்டிருந்தது. ஊரில் ஒரு ஆணுக்கும் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது, அன்றிலிருந்து நான் ஒவ்வொரு வெள்ளியும் போனபோதும் தெரியாது. தொழுகை முடிந்து முதல் ஆள் தெருவுக்கு வருவதற்கு முன்னால் அத்தனை பேரும் அவரவர் அடுப்படியில் நிற்போம்.

இவ்வளவு நல்ல விசயத்தைக் கெடுக்க ஒரு எதிரி வேண்டும் என்று நினைப்பீர்கள். எதிரி யாரும் வரவில்லை. நான் இருந்தேன்.

அந்த வருடம் ஒவ்வொரு சபையும் தன் பூங்காக்களை எப்படிப் பராமரிக்கிறது, புதிதாக என்ன செய்கிறது என்று மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். நான்கு இடங்களில் மூன்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்குள் ஒரு யோசனை கிளம்பியது. எழுத்தில் இல்லாதது எந்த நேரமும் நின்றுபோகும், சாச்சி இல்லாவிட்டால் மறுநாளே நின்றுபோகும். எழுத்தில் வந்துவிட்டால் அது உரிமை, யாரும் பறிக்க முடியாது. படித்த உத்தியோகத்தருக்கு இதைவிட வேறென்ன தோன்றும்? சாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"எழுதாதீங்க மகள்," என்றார். மிஸ் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. "இப்ப ஒருத்தருக்கும் தெரியா. அதால ஒருத்தரும் ஏலா எண்டு சொல்றல்ல. எழுதிக் காட்டினா, ஓமா இல்லையா எண்டு ஆரும் சொல்லத்தானே வேணும்."

நான் கேட்கவில்லை. 'கடந்த மூன்று வருடங்களாக இப்பூங்காவில் வெள்ளிக்கிழமைகளில் சில பெண்கள் பயன்பெற்று வருகின்றனர்' என்று எழுதினேன். அவர் பெயரைப் பாராட்டி எழுதினேன். 'சில பெண்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் என்னை ஒளித்துக்கொண்டேன்.

அறிக்கைக்குப் பாராட்டு வந்தது. தவிசாளருக்குப் பெரிய சந்தோசம். வெள்ளி பகல் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் போட்டுப் பெரிய போர்ட் அடித்து நட்டார்கள். நாடா வெட்டினார்கள். வெட்டியவர்களும் கை தட்டியவர்களும் ஆண்கள். சாச்சி கேற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். படம் பேஸ்புக்கில் போனது. இரண்டே நாளில் ஊர் முழுவதும் அதே கதை. குத்பா நேரத்தில் கூத்தா என்றார்கள் சிலர். யார் யார் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள் பார்ப்போம் என்று எழுதினான் ஒருவன். அடுத்த வெள்ளி, தொழுகை முடிய முந்தியே நாலைந்து பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து மதிலுக்கு மேலால் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பெண்கள் ஹபாயாவைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தையல் ராத்தாவின் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்கள் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினார்கள். அதில் ஒரு கடுமையான சொல்கூட இல்லை. சபைக் கூட்டத்தில் ஒருவர்கூடப் பெண்களுக்கு நேரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் பொருத்தமான நேரம் கொடுப்போம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. உலை கொதிக்கிற நேரம் அது. கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெரியும், ஆனால் குறிப்பு எழுதுகிறவர் கதைக்கக்கூடாது. மூன்று மாதம் சாச்சி செவ்வாய்தோறும் பத்து மணிக்குக் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஒருத்தரும் வரவில்லை. 'போதிய பயன்பாடு இன்மையால்' என்று எழுதி நேரத்தை நீக்கினார்கள். எழுதியது நான்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கணக்காய்வுக்கு வந்தவர்கள் என் அறிக்கையை வாசித்தார்கள். விதிப்படி மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மூன்று வருடமாகப் பூங்காவைத் திறந்தது யாருடைய அனுமதியில் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், என் அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. சாச்சிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போக வேண்டும். பூங்கா என் மேசைக்குரியது என்பதால் கடிதத்தை நானே வரைந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி, தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நீங்களா மகள் எழுதின?"

"ஓம் சாச்சி."

"வடிவாத்தான் எழுதிரிக்கீங்க," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

விசாரணைக்குப் பிறகு அவரைச் சந்தை கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயர் போனது, அடுத்த ஆறு மாதத்துக்குப் பிறகு நீடிப்பும் இல்லை. சந்தையில் அவர் இருந்த நாட்களில் நான் மீன் வாங்க வேறு தெருவால் போனேன். பார்க்குக்கு இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் ஆண்கள் இனிப்பு வியாதிக்கு நடக்கிறார்கள். ஊஞ்சல் மூன்றுதான் மிச்சம், முதலில் ஓடிப்போய் ஏறுகிற பிள்ளை இருட்டும் வரை ஆடும்.

போன நோன்புக்கு முந்திய மாதம் அவர் மௌத்தாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு பாலமுனைக்குப் போனேன். சாவு வீடு சின்னது. பெண்கள் இருந்த பக்கம் நுழைந்தபோது திகைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இருபது பேராவது அங்கே இருந்தார்கள். ஒருத்தியும் மற்றவளோடு கதைக்கவில்லை, தனித்தனியாக வந்தவர்கள் போல முகத்தைத் தாழ்த்தி ஓதிக்கொண்டிருந்தார்கள். தையல் ராத்தா சாச்சியின் மையித்தின் கால்மாட்டில் இருந்தாள். சாச்சியின் மகள் அழுத கண்ணோடு ஒவ்வொருவரிடமும் வந்து, "நீங்க உம்மாக்கு என்ன சொந்தம்?" என்று கேட்டாள்.

"சும்மா, தெரிஞ்ச ஆக்கள்," என்றாள் தையல் ராத்தா. எல்லோரும் அதையே சொன்னார்கள். என்னிடம் கேட்டபோது, "ஒரே ஒபிஸ்," என்றேன். தையல் ராத்தா நிமிர்ந்து ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஓதத் தொடங்கினாள்.

ஒன்றை மட்டும் இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த விசாரணை நாளைத்தான்.

செயலாளரின் அறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் வெளியூர்க்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி, நல்ல மனிதர். அறையில் அவர், சாச்சி, வாக்குமூலம் எழுத நான், வேறு யாரும் இல்லை. அவர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத பெரிசாக்கத் தேவல்ல. வந்த பொம்புளைகள்ல ரெண்டு மூணு பேர் ஒப்பம் வெச்சா போதும். ஊராக்கள்ற நன்மைக்குத்தான் திறந்திருக்கு எண்டு எழுதி முடிச்சிரலாம். ஒங்கட வேலைக்கும் ஒண்டும் வராது. பேரச் சொல்லுங்க."

சாச்சி மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். இரண்டு மூன்று பேர் போதும் என்றார் அவர். ஒருத்தி அவருக்கு முன்னாலேயே இருந்தேன். என் பெயரைச் சொன்னால் சாச்சிக்கு என்ன பாவம்? சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் எனக்கு. பேஸ்புக்கில் பட்டியல் கேட்டவனும், என் கணவரும், மரைக்காயராக இருக்கிற என் மாமாவும் ஒவ்வொருவராக என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"ஒருத்தரும் வரல்ல சேர்," என்றார் சாச்சி.

"அப்ப இந்த மிஸ் எழுதின அறிக்கை?"

"மிஸ்ஸுக்கு நான்தான் பொய் சொன்ன. பொம்புளைகள் வாற எண்டு சொன்ன. அவ பாவம், நம்பி எழுதிட்டா."

"அப்ப அந்த நேரம் உள்ளுக்குப் பூட்டிட்டு என்ன செஞ்ச நீங்க?"

"ஊஞ்சல் ஆடின சேர். நான் தனியத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசிலயா?"

"ஓம் சேர். ஆசையா இருந்திச்சி."

சாச்சி ஒருநாளும் ஊஞ்சலில் ஏறியதில்லை. எண்ணுகிற ஆள் ஏறினால் எண்ணுவது யார் என்பார். அது எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பி, எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். 'மேற்படி நேரத்தில் பூங்காவுக்குப் பெண்கள் எவரும் வரவில்லை. நான் மட்டும் ஊஞ்சல் ஆடினேன்' என்று, குரல் பிசகாமல், வாசித்துக் காட்டினேன்.

"சரிதானே சாச்சி?" என்று கேட்டேன்.

"சரி மகள்," என்று சொல்லி, நான் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.